காதர் போட்ட பூட்டு

பேகம்பூரில் காதர் வீட்டிலிருந்து போன் வந்தபோது, நான் பட்டறையில் காதர் வடிவமைத்த எந்திரத்தின் முன்னால்தான் நின்றிருந்தேன். மாரடைப்பு, காதர் போய்விட்டார் என்றார்கள். எந்திரத்துக்குள் காற்று ஏறிக்கொண்டிருந்தது. அது இறங்கும்வரை என்னால் நகர முடியவில்லை. இறங்காமல் மூடியைத் திறக்கவும் முடியாது; அப்படிப் பூட்டு வைத்தவரே அவர்தான்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த எந்திரத்தைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கைக்கடிகாரத்துக்குள் தண்ணீர் புகுமா என்று தண்ணீரே இல்லாமல் தானாகச் சோதிப்பது அது. கனத்த இரும்புக் கிண்ணத்தில் கடிகாரத்தை வைத்து மூடிக் காற்றை ஏற்றினால், கடிகாரக் கண்ணாடி மயிரிழை உள்வாங்கும். நல்ல கடிகாரம் அப்படியே நிற்கும். ஓட்டை இருந்தால் காற்று உள்ளே கசிந்து, கண்ணாடி மெல்லப் பழைய நிலைக்கு வந்துவிடும். "ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி வருது பாரு அப்பு, அதைத்தான் நம்பக் கூடாது" என்பார் காதர்.

முதல் வெள்ளோட்டத்தில் காற்றழுத்தம் காட்டும் மானி பூஜ்யம் காட்டியது. மானிக்குப் போகும் குழாயில் அடைப்பு, காற்று உள்ளேயே இருந்தது எங்களுக்குத் தெரியாது. காதர் மூடியின் கொக்கியைத் தளர்த்தியதுதான் தாமதம், மூடி அவர் காதோரம் பறந்து கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது.  அவர் அந்த ஓட்டையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார். டீ வருவதற்குள் மூன்று முறை காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாளே பூட்டுக்காரர் ஒருவரிடம் போனார். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம், பயம் வந்தால் பூட்டுதானே போடுவோம். உள்ளே காற்றிருக்கும்வரை அந்தக் காற்றே தாழ்ப்பாளை நெட்டிப் பிடிக்கும்படி ஒரு பூட்டு. பழுது பார்க்கும்போது மட்டும் அந்தப் பூட்டை விலக்கிவைக்க ஒரே ஒரு சாவி, அதுவும் அவர் இடுப்பில். காற்று முழுதாக இறங்கக் காத்திருப்பதால் வேலை இழுக்கிறது என்று முதலாளி பலமுறை சாவியைக் கேட்டுப் பார்த்தார். கடைசி முறை காதர், எந்திரத்தில் கடிகாரங்களை வைத்து எடுக்கும், தாடிக்கொம்பிலிருந்து வேலைக்கு வரும் செல்வியைக் காட்டினார். "அந்தப் புள்ள நாள் பூரா மூடிக்கு மேல குனிஞ்சு நிக்குது. அது மூஞ்சிக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

மூன்றாம் நாள் காதர் வீட்டில் பாத்திஹா ஓதியபோது முதலாளியும் வந்திருந்தார். காதர் மூளை யாருக்கும் வராது என்று கண்கலங்கினார். செருப்பு மாட்டும்போது தணிந்த குரலில், "சாவி யாருட்ட இருக்கு?" என்றார். தெரியாது என்றேன். பரவாயில்லை, திங்கட்கிழமை வெல்டர் வருகிறார், தாழ்ப்பாளையே அறுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது; காதரின் மகள் சற்று முன்புதான் கொடுத்திருந்தாள். அந்தச் சாவியையும் அவருடைய பயத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன். பூட்டே போய்விட்டால் சாவியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பயம்தான் உதவும். காதரைத் தெரிந்தவர்கள் திங்கட்கிழமை காலை பட்டறைக்கு வந்து, வெல்டர் தாழ்ப்பாளைத் தொடாதபடி என்னோடு நில்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமே வாருங்கள். செல்வி எட்டு மணிக்கெல்லாம் அந்த மூடிமேல் குனிந்துவிடுவாள்.