பெருமாளைக் கவிழ்த்து வைக்கலாமோ?

போன மாதம் நண்பர் நடராஜன் சோர்ந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். தெப்பக்குளத்துப் பக்கம் சின்ன அறையொன்றில் இசை மாதப் பத்திரிகை நடத்துகிறவர். ஸ்வரம் போட்டுப் பாட்டுச் சொல்லித் தருகிற பத்திரிகை. வாசகர்கள் பெரும்பாலும் ஸ்ரீரங்கத்துப் பெண்கள்.

“யாரும் சந்தாவைப் புதுப்பிக்கலைங்க. இன்னும் ஒரு இதழ் பார்ப்பேன். அப்புறம் கடையைக் கட்டிட வேண்டியதுதான்” என்றார்.

எனக்குப் பகீரென்றது. நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இதில் இறங்கிய மனிதர். அட்டையிலா குறை? ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் பிடிக்க வேண்டுமென்றே மாதா மாதம் பெருமாள் படம் போடுகிறார். வரைகிறவர் ஓவியர் காதர் பாய். அவருடைய பெருமாளைப் பார்த்தால் கை தானாகக் குவியும்.

வாசகரையே கேட்டுவிடுவோமே என்று காதர் பாயையும் கூட்டிக்கொண்டு மூவரும் பஸ் ஏறினோம். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் வேதவல்லி மாமி — முதல் இதழிலிருந்தே சந்தாதாரர்.

“பத்திரிகையா? பேஷா இருக்கே” என்று உள்ளே போனவர், பூஜை அலமாரியிலிருந்து எல்லா இதழ்களையும் எடுத்து வந்தார். அட்டையில் சந்தனம், துளசி. உள்ளே? பிரித்த சுவடே இல்லை.

“பாடிப் பார்க்கலைங்களா மாமி?” — நடராஜன் குரல் இறங்கிவிட்டது.

“எப்படிப் பாடறது? ஸ்வரம் பார்க்கணும்னா தரையில விரிச்சு வச்சுக்கணும். விரிச்சா அட்டை அடியில போயிடறது. பெருமாளைக் கவிழ்த்து வைக்கலாமோ? அபசாரம் இல்லையோ?”

கும்பிட்டுக் கும்பிட்டே ஒரு பத்திரிகையைக் கொன்றால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது...

“அட்டையில தம்புரா போட்டா?” என்று நடராஜன் கேட்டார்.

“அதுவும் சரஸ்வதியாச்சே.”

“பெரிய வித்வான் படம்?”

“அவர் குரு மாதிரி இல்லையோ? அவரையா தரையில தள்றது?”

நடராஜன் எழுந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வாசலில் காதர் பாய் சட்டென்று நின்றுவிட்டார். காலடியில் மாமி போட்ட கோலம்.

“அண்ணே, இது தரையிலதானே இருக்கு? இதைப் போட்டா யாருக்குங்க மனசு சங்கடப்படும்?”

அங்கேயே குனிந்து பென்சிலால் வரைந்தார். மாமி நிலைப்படியிலிருந்து, “அந்த ஓரத்துச் சுழி இன்னும் கொஞ்சம் வளையணும்” என்று திருத்தம் சொன்னார்.

புது இதழின் அட்டையில் கோலம். பெருமாள் உள்ளே தனித் தாளில் — எடுத்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

வாசகருக்கு எது பிடிக்கும் என்று மாய்ந்து மாய்ந்து யோசிக்கிறோம். அவர் புத்தகத்தை எங்கே வைத்துப் படிப்பார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

நேற்று மாமியே தெப்பக்குளத்துக்கு வந்துவிட்டார். கையில் புது இதழ், கசங்கிப் போய், காபிக் கறையோடு.

“மூணாம் பக்கத்தில நிஷாத ஸ்வரம் தப்பு. நானும் எதிராத்துக் கோமளாவும் தப்பாவே பாடிண்டிருக்கோம். அவளும் சந்தா கட்டறாளாம், முதல்ல இதைத் திருத்துங்கோ.”

நடராஜன் மன்னிப்புக் கேட்கவில்லை. “பாடியிருக்காங்க... பாடியிருக்காங்க” என்று என்னிடம் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தப்பு கண்டுபிடிக்கப்பட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

எனக்குத்தான் இப்போது ஒரு கவலை — நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையின் அட்டையில் சாமி படம் எதுவும் இல்லையே?