மீன்காரி வீட்டு அவியல்

பச்சைமாங்காயும் அரைத்த தேங்காயும் சேர்ந்து கொதிக்க, நடுவில் நெத்தோலி மீன் வெந்து, இறக்கும்போது ஊற்றிய தேங்காயெண்ணெய் மணக்க, அந்த வாசனை தெருமுனைக்கே வந்து என்னைப் பள்ளிக்கூடப் பையோடு வீட்டுக்கு இழுத்துப்போன நாள் இன்னும் மூக்கில் நிற்கிறது. பதிவுக் கல்யாணம் முடித்து அண்ணன் மைனியைக் கூட்டிவந்த நாள் அது. பெண்வீட்டார் யாரும் வரவில்லை. "எட்டு நாள் தாங்கமாட்டா, திரும்பி வருவா" என்று நாகர்கோவிலில் மைனியின் அம்மா சொன்னதாகக் கேள்வி.

எங்கள் அம்மா மார்த்தாண்டம் சந்தையில் மீன் விற்பவள். புதுப்பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று போனில் கேட்டதற்கு, "அவியல்னா அவளுக்கு உசிரு" என்று அண்ணன் சொல்லியிருந்தான். எங்கள் வீட்டில் அவியல் என்றால் மீன் அவியல்தான். பந்தியில் இலையோரத்தில் வைக்கிற காய்கறி அவியலுக்கு எங்களிடையே "கல்யாண அவியல்" என்று பெயர். "அட, நம்ம கைப்பக்குவம்லா கேக்கா!" என்று பூரித்துப்போன அம்மா, அன்றைக்கு வந்ததில் நல்ல நெத்தோலியை விற்காமல் எடுத்துவந்தாள்.

மைனி சிரித்த முகமாக உட்கார்ந்தாள். அம்மா சட்டியைத் திறந்தாள். ஐயோ, அந்த முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "பசிக்கல அத்தை" என்று மோருஞ்சோறு ரெண்டு வாய் தின்று எழுந்துவிட்டாள். அண்ணன் அப்புறம்தான் மென்று விழுங்கிச் சொன்னான், அவள் பிறந்தது முதல் மீன் தொட்டதில்லை என்று.

"ஏலே, முன்னாடியே சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று அவனை ஒரு பிடி பிடித்துவிட்டு அம்மா அறிவித்தாள்: "அவ வயிறாரத் திங்கிற வரைக்கும் இந்த வீட்டுல மீன் கிடையாது."

மினிபஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா, "மீன்காரி வீட்டுல கீரைக்கட்டா? சந்தையே சிரிக்கும்" என்றார்.

"சிரிக்கட்டு. எம் பிள்ளை பட்டினி கெடக்கப்பிடாது."

அதற்குப்பிறகு எங்கள் வீடு பட்ட பாடு இருக்கிறதே! விடியுமுன் மீன் எடுக்கத் துறைமுகத்துக்கு ஓடுகிற அம்மா, அண்ணனும் மைனியும் வேலைக்குப் போகப் பிடிக்கவேண்டிய நாகர்கோவில் பஸ், என் டிபன் பாக்ஸ், சேனைக்கிழங்கு வெட்டிவிட்டுக் கை அரிக்க முற்றத்தில் குதிக்கிற அப்பா என்று காலைநேரம் திருவிழாதான். அம்மாவுக்கோ மீன்குழம்பு தவிர வேறு குழம்பு தெரியாது. அவள் வைத்த சாம்பாரில் மீனைக் காணோமே என்று நான் கரண்டி விட்டுத் துழாவியிருக்கிறேன். ஆனாலும் விட்டாளா? ஒரு கையில் சாளை மீன் நிறுத்துக்கொண்டே எதிர்ச்சாரி காய்க்கடைக்காரியிடம், "யக்கா, கல்யாண அவியலுக்குப் புளியா தயிரா?" என்று சந்தை அதிரக் கேட்பாள். ஒருநாள் வாழைக்காயை மீன்துண்டம் மாதிரி வெட்டி, மீன் மசாலாவே தடவிப் பொரித்தாள். கண்ணை மூடித் தின்றால் நெய்மீன்! மைனி முதன்முறையாக, "இன்னும் இருக்கா அத்தை?" என்று கேட்டாள். எனக்கு மைனியை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

அப்போது பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், மகளைக் கூட்டிப்போக மைனியின் அம்மா வந்து நின்றார். எங்கள் அம்மா இலை போட்டுக் கல்யாண அவியலை வைத்தாள். மைனி மளமளவென்று தின்றாள். அந்த அம்மாள் ஒரு வாய் எடுத்து, நிறுத்தி, "இது யாரு வச்சது?" என்றார்.

"நாந்தான். மீன் வெட்டுற கைதான், ஆனா நல்லாக் கழுவிட்டேன்."

"கொள்ளாம், நல்லாருக்கு. எனக்கும் இன்னும் கொஞ்சம் வையுங்க" என்றார் அவர். போகும்போது தனியாகத்தான் போனார். நான் பஸ் ஸ்டாப் வரை ஓடிப்போய் டாட்டா காட்டினேன். அன்றைக்குச் சாயங்காலம் மைனி என்னைக் காட்டி அம்மாவிடம், "பிள்ளை மெலிஞ்சு போறா அத்தை, அவளுக்கு மீன் வச்சுக் கொடுங்க" என்று சொன்னதைக் கேட்டு நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்து அப்பாவே சிரித்துவிட்டார்.

அப்பா இப்போது இல்லை. அண்ணன் துபாயில். அம்மாவின் சந்தைக்கடை போய் எத்தனையோ காலம்; அந்த வீட்டில் அம்மாவும் மைனியும் மட்டும்தான். நான் நாகர்கோவிலிலிருந்து போகும்போதெல்லாம் எனக்காக மீன் வாங்கி, அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, மைனிதான் குழம்பு வைப்பாள். ருசிபார்க்கமாட்டாள், அம்மாதான் உப்புப் பார்த்துச் சொல்லுவாள். போனமாதம் கொதிக்கிற குழம்போடு கரண்டியை என் பக்கம் நீட்டினாள் மைனி.

"ஏட்டி, நீயே உப்புப் பாத்துக்கோ. இப்ப அத்தையும் மீன் திங்கிறத விட்டாச்சு."