அவள் தோட்டத்து மடை

எங்கள் மலைமேல் இருக்கும் சோளக்காடு ஊரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது என்னிடம் ஒட்டகத்தைப் பற்றிக் கேட்பார்கள். நான் ஓமானிலிருந்து திரும்பி இத்தனை வருஷமாகியும் விட்டபாடில்லை. "ஏனுங்க, ஒட்டகப் பால் குடிச்சிருக்கீங்களா?" குடித்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அங்கே தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

தொண்ணூற்றெட்டில் மலையை விட்டு இறங்கினேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மனைவிக்கு நாலு மாசம். காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு ஏஜென்ட் இருந்தான். சூப்பர் மார்க்கெட் வேலை, நாள் முழுக்க ஏசியில் நிற்கலாம் என்றான். நம்பினேன். விமானத்தை விட்டு இறங்கியதும் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிப் பொழுது சாயும்வரை ஓட்டினார்கள். வழியெல்லாம் கல்லும் மணலும். எழுபது கொண்டை ஊசி வளைவில் வளர்ந்த நான், வளைவே இல்லாத அந்த ரோட்டில் அடுத்த வளைவு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

கடைசியில் ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. நாற்பது வீடு இருக்கும், சுற்றிலும் பேரீச்சந்தோட்டம். அதைத் தாண்டினால் அடுத்த ஊர் அரை நாள் தூரம். ஏசி எங்கே என்று கேட்கக்கூட எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. ஒரு தோட்டக்காரர்தான் இனி என் முதலாளி என்று காட்டி, கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

தூரத்து மலையடியிலிருந்து பூமிக்குள்ளேயே ஓடி வந்து அந்த ஊரில் வெளியே வரும் ஒரே ஒரு வாய்க்கால். மொத்த ஊருக்கும் அதுதான் உயிர். பகலில் முறையை நிழலை வைத்துப் பிரித்தார்கள். வெட்டவெளியில் ஒரு குச்சி, தரையில் கோடுகள், பக்கத்தில் ஒரு பெரியவர். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை நிழல் போகும் மட்டும் ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர். அவர் குரல் கொடுத்தால் மடையில் அடைத்திருக்கும் கல்லையும் துணியையும் உருவ வேண்டும், மறுபடி குரல் கொடுத்தால் அடைக்க வேண்டும். அந்தப் பெரியவர் கையில் வாட்ச் கட்டியிருந்தார். அந்தக் கையாலேயே நிழலைக் காட்டுவார்.

முதலாளி தோட்டத்துக்கு அடுத்தது ஒரு விதவையின் தோட்டம். என் மனைவியைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். பதினோரு மரம், சில ஆடுகள், ஆட்டுக்கென்று ஒரு பாத்தி குதிரைமசால். பத்து நாளைக்கு ஒருமுறைதான் அவள் முறை. இரண்டாயிரத்துக் கோடையில் அவள் காய்ச்சலில் விழுந்து ஒரு முறையைத் தவறவிட்டாள். தவறினால் தவறியதுதான், மாற்று முறை கிடையாது. பாத்தி காய்ந்தது. ஆடுகள் வேலியோரம் நின்று கத்தின.

மலையில் எங்கள் ஊர்கள் சேர்ந்த தேவனூர் நாட்டில் ஊற்றுத் தண்ணீர் மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு இறங்கும். யாராவது படுத்துவிட்டால், அந்தப் பக்கம் போகிறவன் அவர்கள் மடையையும் ஒரு வெட்டு வெட்டித் திறந்துவிட்டுப் போவான். சொல்லமாட்டான். சொன்னால் செய்ததைச் சொல்லிக்காட்டியதாக ஆகிவிடும். வயலுக்காரரும் கேட்கமாட்டார். எனக்கு வேறு வழக்கம் தெரியாது. முதலாளியின் பங்கில் நாலு விரல் நிழல் அளவுக்கு அவள் மடையைத் திறந்துவிட்டேன். முதலாளிக்குத் தினமும் முறை உண்டு; அடுத்தடுத்து மூன்று நாள் அப்படிச் செய்தேன். புண்ணியம் செய்கிறேன் என்று நினைப்பு வேறு.

நாலாம் நாள் காலையில் பெரியவர் வந்து அவள் பாத்தியில் கை வைத்துப் பார்த்தார். முறையில்லாத நாளில் மண் ஈரமாக இருந்தது. ஊரே கூடிவிட்டது. தண்ணீர் திருடுவது அங்கே கொலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவளைக் கேட்டார்கள். தனக்குத் தெரியாது என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "நீ எதையாவது பார்த்தாயா?"

அதற்குள் எனக்கு அந்தப் பாஷை நன்றாகவே புரியும். பத்து நாளில் எனக்கு லீவு. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். ஊரில் ஒரு மகள், போட்டோவில் மட்டும் பார்த்தவள், இரண்டு வயசு ஆகப்போகிறது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெட்டி திறக்காது.

பார்க்கவில்லை என்றேன்.

முதலாளி என் தோளில் தட்டினார். "இவன் மலைக்காரன், சூது தெரியாதவன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவளுக்கு மூன்று முறை தண்ணீர் நிறுத்தம். கோடையில் ஒரு மாசம். மடையைச் சுண்ணாம்பு வைத்தே பூசிவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் அவள் வேலியைத் தொட்டுக்கொண்டு ஓடிய தண்ணீரைத்தான் நான் முதலாளி மரத்துக்குக் கட்டினேன். அவள் மரங்களில் குலையிலேயே காய் சுருங்குவது தெரிந்தது. ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றாள். நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன், தூங்கினேன். மனுஷ ஜென்மம் எதையும் தாங்கும், அடுத்தவனுக்கு நடக்கிறவரை.

நான் கிளம்பிய காலையில் அவள் ஓலைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். போன வருஷத்துப் பழம். இந்த வருஷம் அவளுக்குப் பழம் கிடையாது.

"உன் மகளுக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆட்டுக்கொட்டகையிலிருந்து பார்த்தேன், நீ மடை திறந்ததை" என்றாள்.

"ஏன் அவர்களிடம் சொல்லவில்லை?"

"சொன்னால் உன்னை ஊருக்கு விடமாட்டார்கள்."

என்னைத் திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். எதுவும் செய்யாமல் போய்விட்டாள். நிழல் குச்சிப் பெரியவர் கூப்பிடு தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட் என் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது. பெட்டியைத் திறந்து ஒரு பழத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் என்னிடம் வந்தது.

"இத்தன நல்ல பழம் யாருங்க குடுத்தாங்க?" என்றாள் மனைவி.

"மொதலாளிதான்" என்றேன்.

"நல்ல மனுசங்க. அவிய ஊடு நல்லா இருக்கோணும்."

ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் நாங்கள் மலையில் அருவிக்குப் பக்கத்திலிருக்கும் கோயிலுக்குப் போவோம். அருவியில் முழுகிவிட்டு ஈரத்தோடு நின்று, என் மனைவி இன்றைக்கும் அந்த முதலாளி குடும்பத்துக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிடுகிறேன்.