சோளகக் காற்றும் மாமாவின் புகைபோக்கியும்

நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவின் சூட்கேசை அம்மா திறந்தபோது, சொக்லேற் பெட்டிகளுக்கு நடுவே துணியில் சுற்றிய, சாந்து பூசும் மேசன் கரண்டி ஒன்று கிடந்தது. பிடி தேய்ந்து, விரல்கள் பதியும் இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இது ஆரின்ரை தம்பி?" என்று கேட்டார்.

"என்ரைதான் அக்கா. முப்பது வருசமா எனக்குச் சோறு போட்டது இதுதானே."

எங்கள் ஊரான சுருவிலில், வீட்டு முன்னறையில் மாமாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. நீளக் கோட்டுப் போட்டு, பனி மூடிய வீடொன்றின் முன்னால் நிற்பார். வீடுகளைச் சூடாக்கும் கொம்பனியில் வேலை என்று அவர் எப்போதோ எழுதியதை அம்மா எஞ்சினியர் வேலை என்று விளங்கிக்கொண்டார். ஊருக்கும் அப்படியே சொல்லிவைத்தார். மாமா அன்றுதான் விளக்கமாகச் சொன்னார். குளிர் நாட்டில் வீட்டின் பெரிய அறைக்குள் கணப்படுப்பு வைத்து விறகு எரிப்பார்கள். அந்த அடுப்பைக் கட்டி, புகை அறைக்குள் வராமல் கூரைக்கு மேலே இழுத்துவிடுவதுதான் அவருடைய தொழில். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் கண்டேன். அம்மாவோ, "அடுப்புக் கட்டிறதெண்டு வெளியில சொல்லிப்போடாதை" என்று கரண்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பூட்டைத் திறக்க வைத்தது நான்தான். நான் படிப்பிக்கும் சிறிய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் குசினி, உயரமான வகுப்பறைக் கட்டடத்தின் பின்மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஒரு நாளில் பாதி அது புகைக்குள்தான். சமைக்கிற அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் பருப்பு அவிப்பார். அவர் பஸ்ஸில் ஏறினால் திரும்பிப் பார்க்காமலே ஆளைச் சொல்லலாம்; அப்படி ஒரு புகைமணம். இதை மாமாவிடம் சொன்ன அன்று பின்னேரமே அவர் அம்மாவிடம் திறப்பைக் கேட்டார்.

"லீவுக்கு வந்தனீ. சும்மா இரன்."

"சும்மா இருக்க ஏலாது அக்கா."

அம்மா அலுமாரித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

குசினிக்குப் புகைபோக்கி கட்டப்போகிறோம் என்றதும் அதிபரும் தயங்கினார். கூரையில் ஓட்டை போட்டபின் சரிவராவிட்டால் பிள்ளைகளின் சாப்பாடு என்னாவது என்பது அவருடைய கவலை. "நாலு நாள் தாங்கோ. சரிவராட்டி ஓட்டையையும் நானே மூடித் தாறன்" என்றார் மாமா. அந்த நான்கு நாளும் அவர் சீட்டியடித்தபடி வேலை செய்தார். ஒவ்வொரு செங்கல்லையும் வைத்தபின் ஒரு கணம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

ஐந்தாம் நாள் அடுப்பு மூட்டினோம். பெற்றோர் சிலரும் பார்க்க வந்திருந்தார்கள். புகை ஒழுங்காகப் புகைபோக்கிக்குள் ஏறியது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முழுப் புகையும் வந்த வழியே திரும்பி இறங்கியது. எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். "எங்கட புகைக்கு நோர்வேப் பாஷை விளங்கேல்லைப் போல" என்று ஒருவர் சொல்ல, நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா மணலில் குந்தியிருந்து கூரையையே பார்த்தார். தெரிந்த வேலை கைவிட்ட மனிதரின் முகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

செய்தி எங்களுக்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டது. உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தார். மாமாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ வந்ததும் வராததுமாக, "ஆர் என்ரை தம்பியின்ரை வேலையைப் பார்த்துச் சிரிச்சது?" என்று கேட்டார். பிறகு குடையை மடக்கி, அண்ணாந்து, நெடுநேரம் புகைபோக்கியைப் பார்த்தார்.

"தம்பி, நான் இஞ்ச படிக்கேக்க உந்த மூலையில நிண்டு கொப்பி விரிக்க ஏலாது. சோளகக் காத்து அந்தப் பெரிய கூரையால ஏறிவந்து, மேலயிருந்து கீழ அடிக்கும். உன்ரை புகைபோக்கி அந்தக் கூரையை விட உயரம் குறைவாயெல்லே நிக்குது."

மாமா எழுந்து நின்றார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீ என்னட்டைக் கேட்டனியே?"

மேலும் இரண்டு நாள் எடுத்தது. மாமா மேலே நின்று கட்ட, அம்மா கீழே நின்று, "காணாது, இன்னும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய கூரையின் முகட்டையும் தாண்டியபின்தான் விட்டார். மறுபடி மூட்டியபோது புகை வெளியே போய்க் காற்றோடு கடற்பக்கம் சாய்ந்தது. குசினிக்குள் நின்ற அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், சுவரில பல்லி ஓடுறது தெரியுது" என்றார். எல்லாரையும்விட அம்மாதான் அதிகம் சிரித்தார்.

மாமா திரும்பிப் போய்விட்டார். முன்பெல்லாம் அவர் தொலைபேசியில் அழைத்தால், சாப்பிட்டாயா, குளிருக்குக் கவனமா என்பதோடு அம்மாவின் பேச்சு முடிந்துவிடும். போன கிழமை அவர் ஏதோ ஒரு வீட்டுக் கூரையில் நின்று வீடியோவில் பேசினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "காத்து எந்தப் பக்கத்தாலை? பக்கத்தில உயரமா ஏதும் நிக்குதோ?" என்று கேட்டார். மாமா தொலைபேசியை மெல்லச் சுற்றிக் காட்டினார். பனி, பைன் மரங்கள், பக்கத்து வீட்டின் உயர்ந்த கூரை.

"இன்னும் ஒரு முழம் உயர்த்து" என்றார் அம்மா.

மாமா கீழே நின்றவரிடம் அந்நாட்டு மொழியில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் ஏணி வழியாக மேலும் செங்கல் ஏறி வந்தது.