அத்தைக்கு வந்த இன்டர்நெட் அழைப்பு

கணபதி என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த தெருவில் முதலில் இன்டர்நெட் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். பம்ப்செட் பட்டறைக்கு வரைபடம் போடுவதற்கென்று சித்தப்பா வாங்கிய கம்ப்யூட்டர் அது. பட்டறையைவிட அத்தையின் கல்யாணத்துக்குத்தான் அது அதிகம் உழைத்தது.

அத்தை அப்பாவின் தங்கை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை அமெரிக்காவில் இருந்தார். டெலிபோன் லைனை மோடத்தில் செருகி இன்டர்நெட் வழியாகவே பேசிவிடலாம் என்றார் சித்தப்பா. இருவரும் ஒருமுறை மனம்விட்டுப் பேசிவிட்டால் முகூர்த்தம் குறித்துவிடலாம் என்றார் அப்பா. மனம்விட்டுப் பேசும்போது குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்கும் என்பது அவருக்கு முரணாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக அடங்கியது. ஸ்பீக்கரில் மாப்பிள்ளையின் குரல் துண்டு துண்டாக வந்தது. நாம் பேசுவது அங்கே போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும் என்று சித்தப்பா முன்பே எச்சரித்திருந்தார்.

“நான் பேசறது கேக்குதுங்களா?”

“ஆமாங்க” என்றாள் அத்தை.

அது போய்ச் சேருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. “கல்யாணத்துக்கப்புறம் வேலைய உட்டுப்போட்டு வந்துருவீங்கதானே?”

அத்தை வாயெடுப்பதற்குள், “ரொம்ப சந்தோசமுங்க!” என்றது ஸ்பீக்கர். முதல் கேள்விக்கான ‘ஆமாங்க’ இரண்டாவது கேள்விக்குப் பதிலாகப் போய் விழுந்திருந்தது. அப்பா சிரித்தார். அத்தையின் முகம் வெளுத்துப்போயிற்று.

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். தண்ணீர் குடிக்கப் பின்னாலேயே போன நான், உள்ளறையில் அதே லைனில் இருந்த இன்னொரு போனை அவள் ஓசைப்படாமல் எடுப்பதைப் பார்த்தேன். எண் எதையும் சுற்றவில்லை. கூடத்தில் சித்தப்பா கத்தினார்: “போச்சு, கட்டாயிருச்சு!”

மறுபடி இணைத்தார். மறுபடி அறுந்தது. அடுத்த ஞாயிறும் அதே கதைதான். சித்தப்பா மோடத்தை மாற்றினார், கேபிளை மாற்றினார், கடைசியில் லைன்மேனைக் கூட்டிவந்தார்.

“லைன் சுத்தமா இருக்குதுங்க. உள்ள இருக்கற போனை ஆராச்சும் எடுத்தா இது கட்டாயிருமுங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “ஆருங்க எடுக்கப்போறாங்க? நான் அடுப்படியில இருந்தனுங்க” என்றாள் அம்மா. போனைக் கெடுத்ததற்குத் திட்டு வாங்கப் பயந்து சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

இத்தனை தடங்கல் வந்தால் சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுப்படியில் அத்தை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து நின்றிருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றுபோன துக்கத்தில் இருவரும் அழுகிறார்கள் என்று நினைத்து, வாசற்படியில் நின்று நானும் கொஞ்ச நேரம் அழுதேன்.