துண்டுக்கு அடியில் கிலுகிலுப்பை

உட்காருவதற்கு முன் அந்த மனுஷர் நாற்காலியின் முதுகைப் பிடித்து மூன்று முறை ஆட்டிப் பார்ப்பார். சொந்த வீட்டு நாற்காலிதான். காலையிலும் இதே பரீட்சையில் தேறியதுதான். குடை வாங்கப் போனால் கடையில் இருக்கிற அத்தனை குடையையும் விரித்து மடக்கி, "எதுவும் தேறாது" என்று வெறுங்கையோடு கிளம்பி, மழையில் நனைந்துகொண்டே வீடு வந்து சேருவார். நனைந்ததில் வருத்தமே கிடையாது.

பிழைப்பு ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில். விசிறியை ஓடவிட்டு, கண்ணை மூடிச் சத்தம் கேட்டு, புறங்கையால் சூடு பார்த்து, அதில் தொங்கும் அட்டையில் 'தேறியது' அல்லது 'தேறாது' என்று பென்சிலால் எழுத வேண்டும். பதினாறு வருஷம் எழுதியதில் அவருக்கே 'தேறாது' என்று பெயர் விழுந்துவிட்டது. எழுதியதும் பென்சிலைக் காதிடுக்கில் செருகுவார். அடுத்த விசிறி வருவதற்குள் மறந்துவிடுவார். "இப்பதானய்யா இங்க வச்சேன்! எவன் கை வச்சது?" என்று மேசைக்கு அடியில் குனிந்து பொரிந்து தள்ளுவார். காதில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. தினமும் இலவசமாகக் கிடைக்கிற வேடிக்கையைக் கெடுத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன பைத்தியமா?

நாற்பதை நெருங்கும்போது ஒரு மகள் பிறந்தாள். கூடவே மருத்துவமனையிலிருந்து ஒரு பட்டியலும் வந்தது: எந்த மாதத்தில் பிள்ளைக்கு எது புரியும் என்று. அதைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினார். 'குழந்தைக்குக் குழந்தை சற்று முன்பின் ஆகலாம்' என்ற கடைசி வரியின் மேல்தான் டேப் போட்டிருந்தார்.

முகம் பார்த்துச் சிரிப்பதில் பிள்ளை தேறியது. கீழே விழுந்ததை எட்டிப் பார்ப்பதிலும் தேறியது. ஒன்பதாம் மாதத்தில் வந்து மாட்டிக்கொண்டது. கண்ணெதிரே ஒரு பொருளைத் துணியால் மூடினால், அது உள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்து துணியை விலக்க வேண்டுமாம். இவர் கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டுவார், துண்டால் மூடுவார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிள்ளை அவர் மூக்கைப் பார்க்கும். அலுத்தால் துண்டின் நுனியைச் சப்பும். நாளுக்கு ஆறு தடவை இந்தக் கூத்து.

"புள்ளைக்கு ஏதோ கோளாறுடி. கண்ண விட்டு மறைஞ்சா பொருளே இல்லன்னு நினைக்குது."

"பாத்துப் பாத்துப் புளிச்சுப்போன கிலுகிலுப்பைங்க அது. நானா இருந்தாலும் தேட மாட்டேன்" என்றாள் மனைவி.

அவளிடம் எரிந்து விழுந்தாரே தவிர, உள்ளே இருந்தது அசல் பயம். தேறாத விசிறியைப் பிரித்துப் பூட்டத் தொழிற்சாலையில் தனிப் பிரிவு இருக்கிறது. பிள்ளையை எங்கே அனுப்புவது? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை, வேலையிலிருந்து வந்த வேகத்தில் சட்டைகூட மாற்றாமல் கடைசிப் பரீட்சை. மூடினார். பிள்ளை மூக்கைப் பார்த்தது. "தேறாது" என்று வாயில் வந்துவிட்டது, பெற்ற மகளைப் பார்த்து. சமையலறை வாசலில் நின்ற மனைவி ஒரு பார்வை பார்த்தாள். இவர் எழுந்து போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். கண் கலங்கியது அவளுக்குத் தெரியக் கூடாதாம்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தரையில் உள்ளங்கைகள் சப்சப்பென்று படும் சத்தம் நெருங்கி வந்தது. திரையின் அடி ஓரம் விலகியது. வழியெல்லாம் எச்சில் ஒழுகத் தவழ்ந்து வந்த பிள்ளை, அப்பாவைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் வீறிட்டது.

வேறு அப்பனாக இருந்தால் கட்டிக்கொண்டு கொஞ்சியிருப்பான். இவர் பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு பட்டியலிடம் ஓடினார்.

"தேறிடுச்சுடி! தேடி வந்துடுச்சு! எங்க, பென்சில் எங்க? இப்பதான வச்சேன்!" மேசையைத் துழாவினார். தலையணையைப் புரட்டினார். இடுப்பில் பிள்ளையோடு குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். "ஏய், நீதான் எடுத்தியா?"

மனைவி வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

பிள்ளை அவர் தோளைப் பற்றி எம்பியது. காதிடுக்கிலிருந்து பென்சிலை உருவி, வாயில் வைத்துக் கடித்தது.