பதினேழாம் சாவடியில் ஒரே ஒரு ஓட்டு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. தெருவில் அவரை ‘நோட்டீஸ் அக்கா’ என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக ஒரு சின்னக் கட்சிக்கு வீடு வீடாக ஏறி இறங்கியதில் நிலைத்த பெயர் அது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் ஓர் அறை. கீழே தம்பி குடும்பம்.

தம்பி பெரிய கட்சிக்காரன். இரண்டு கட்சிகளும் பேசுவது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்கொன்று ஆகாது. போன தேர்தலில் இரண்டும் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். அடுத்த வருடமே பக்கத்துத் தெரு அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவை மூடினார்கள். தம்பி மனைவி வாரம் மூன்று நாள் இரண்டு பஸ் மாறித் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போய், சுருண்டு திரும்பி வந்தாள்.

இந்தத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு தம்பி மேலே வந்தான்.

“கட்சியை விடச் சொல்லலக்கா. இந்த ஒரு தடவை ஓட்டை மட்டும் மாத்திப் போடு.”

“ஊரெல்லாம் கேட்ட ஓட்டை நானே போடாம இருக்கவா?”

“உங்க ஆளு ஜெயிப்பாரா?”

“மாட்டாரு.”

“அப்புறம் எதுக்குக்கா? அவளைப் பாத்தியா, எப்படி ஆயிட்டான்னு.”

அவர் மிச்ச நோட்டீஸ்களை எண்ணிக் கட்டத் தொடங்கினார்.

ஓட்டுப்பதிவன்று பதினேழாம் சாவடியில் கட்சியின் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட பெஞ்சு, முட்டி இடித்தது. பதினொரு மணிக்கு எழுந்து மறைப்புக்குள் போனார். முத்திரையைப் பிடித்த கை தன் சின்னத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்து பெரிய கட்சியின் சின்னத்தில் குத்தியது. திரும்பி வந்து, நெஞ்சில் குத்திய கட்சி அட்டையோடு சாயங்காலம்வரை அதே பெஞ்சில் இருந்தார்.

மறுநாள் சாவடி வாரியாக எண்ணினார்கள். போன தடவை பதினேழில் அவர் கட்சிக்கு முப்பத்தெட்டு. இப்போது ஒன்று. மறுபடி எண்ணச் சொன்னார். ஒன்றுதான். பெரிய கட்சி ஜெயித்தது.

கட்சி அலுவலகத்தில் ஆறு நாற்காலி, நாலு பேர். செயலாளரான தையல்காரர் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் கைவிட்டாலும் இவங்க விடல. அந்த ஒரு ஓட்டு இவங்களோடது.”

மற்ற இருவரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் தம்பி முகம் கொடுக்கவில்லை. “ஊரே மனசு மாறுச்சு. நீ மட்டும் பிடிச்ச பிடியிலயே நின்னுட்ட” என்றான். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் சொன்னால் அவன் சந்தோஷப்படுவான். ‘எங்க பக்கம் வந்துட்ட’ என்பான். அதை அவரால் தாங்க முடியாது. சொல்லாமலே இருந்துவிட்டார். அவனும் பேச்சை நிறுத்திவிட்டான்.

கடையில் இடது லென்ஸை வலதில் பொருத்தி இரண்டு முறை திட்டு வாங்கினார். ஐந்தாம் நாள் தையல் கடைக்குப் போனார்.

“அந்த ஓட்டு என்னோடது இல்ல.”

தையல்காரர் மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். அவரும் பதினேழாம் சாவடிதான்.

“என்னோடதும் இல்லம்மா. நம்மாளுங்க எப்படியும் போட்டுருவாங்க, நான் ஒருத்தன் குறைஞ்சா தெரியவா போகுதுன்னு நெனச்சேன்.”

“நானும் அதேதான் நெனச்சேன்.”

சிரித்திருக்கலாம். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தையல்காரர் துணியை நகர்த்தி ஸ்டூலைக் காட்டினார், அக்கா உட்காரவில்லை.

எட்டு மாதத்தில் டயாலிசிஸ் பிரிவைத் திறந்தார்கள். தம்பி மனைவி இப்போது நடந்தே போய் வருகிறாள்; முகம் தெளிந்திருக்கிறது. தான் செய்தது சரிதான் என்று அக்காவுக்குத் தெரியும். அதைப் பகிர்ந்துகொள்ளத்தான் ஆள் இல்லை. கட்சி அலுவலகத்தைக் காலி செய்தாயிற்று. தையல்காரர் எதிரே வந்தால் இருவரும் தலையசைத்துவிட்டுக் கடந்துபோகிறார்கள்.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்பது தெரியவே இல்லை. அந்த ஆள்மேல் அக்காவுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. முன்பு கூட்டம் நடந்த ஞாயிறு மாலைகளில் இப்போது கண்ணாடிக் கடைக்குப் போய்விடுகிறார். விடுமுறை நாளில் ஏன் வருகிறார் என்று முதலாளி இதுவரை கேட்டதில்லை.